‘மந்தம்’ என்று முடிவு கட்டுவதற்கு முன்: வறுமையும் வகுப்பறையும்

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடுகிறான். கண்டித்தும் பயனில்லை. (ஓர் இளம் ஆசிரியை)

கண்டிப்பதை நிறுத்துங்கள் அம்மா. தனியாக அழைத்து, இரவு எப்போது படுத்தான், காலையில் சாப்பிட்டானா என்று கேளுங்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், கடைசி ஆள் விளக்கை அணைத்த பிறகுதான் பிள்ளைக்குத் தூக்கம். இரத்தசோகையும் இருக்கலாம். இரும்புச்சத்து குறைந்த குழந்தை பார்ப்பதற்குச் சோம்பேறி போலவே இருக்கும்.

ஒரு மாணவியை நானே இரண்டு ஆண்டுகள் ‘மந்தம்’ என்று நினைத்திருந்தேன். கரும்பலகையே அவளுக்குத் தெரியவில்லை என்பது கண் பரிசோதனை முகாமில்தான் வெளிப்பட்டது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

வறுமையில் படித்து முன்னேறியவர்கள் எத்தனையோ பேர். உழைப்பு இருந்தால் போதாதா? (ஒரு தந்தை)

ஏறி வந்தவர்கள் கண்ணில் படுகிறார்கள். பாதியில் நின்றவர்கள் படுவதில்லை. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கரும்பு விவசாயிகளுக்குக் கையில் காசில்லாத அறுவடைக்கு முன்பும், பணம் வந்த பின்பும் ஒரே வகை அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். அதே ஆட்கள் அறுவடைக்கு முன்பு குறைவாகவே செய்தார்கள். பணக்கவலை மனத்தில் அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவர்கள் பெரியவர்கள். வாடகை பாக்கிக்காக வீட்டில் நடந்த சண்டையைக் கேட்டுவிட்டு வரும் பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை ஏற்கெனவே உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது, வேறோர் இடத்தில்.

வசதியான வீட்டுக் குழந்தைகளைவிட ஏழைக் குழந்தைகள் வீட்டில் கேட்கும் சொற்கள் 3 கோடி குறைவு என்பது உண்மையா? (கல்வியியல் மாணவர்)

அது 1995இல் அமெரிக்காவில் வெளியான கணக்கு. 42 குடும்பங்களில் மாதம் ஒரு மணி நேரம் பதிவு செய்து, அதைப் பெருக்கிச் சொன்னது. குழந்தையைச் சுற்றியுள்ள மற்றவர்களின் பேச்சையும் சேர்த்துப் பார்த்த பிற்கால ஆய்வாளர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். குழந்தையோடு பேசுவது நல்லது. ஆனால் அந்த எண்ணைக் காட்டித் தாய்மாரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

எங்களிடம் நிதி குறைவு. எதில் தொடங்குவது? (பள்ளி நிர்வாகி)

முதலில் உணவு. ஏழைகளுக்கென்று தனி வரிசை வைக்காதீர்கள், அப்படி வைத்தால் பசியோடு இருப்பவனே வரமாட்டான். அடுத்து கண், காது, இரத்தப் பரிசோதனை, குடற்புழு மாத்திரை. 1990களின் இறுதியில் கென்யாவின் மேற்குப் பகுதிப் பள்ளிகளில் இந்த மாத்திரை கொடுத்ததால், வராமல் போவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

பிறகு வாசிப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டால், ஐந்தாம் வகுப்புப் பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் பயனில்லை. தினமும் ஒரு மணி நேரமாவது வயதை மறந்துவிட்டு, வாசிக்கும் திறனைப் பார்த்துக் குழு பிரியுங்கள். பள்ளி முடிந்த பின் வீட்டுப்பாடம் செய்ய விளக்குள்ள ஓர் அறையையும் திறந்து வையுங்கள். முடிந்தால் வீடு வரை போய்ப் பேச ஒரு சமூகப் பணியாளரை நியமியுங்கள். ஆசிரியர் எல்லாவற்றையும் சுமக்க முடியாது. மின்னணுப் பலகை காத்திருக்கட்டும்.

பைசா செலவில்லாத ஒன்றும் உண்டு. ‘நாளை வண்ண அட்டை வாங்கி வா’ என்ற கட்டளையை நிறுத்துங்கள். வாங்க முடியாத பிள்ளை மறுநாள் பள்ளிக்கே வராது. வருகைப் பதிவேட்டில் அது ‘காய்ச்சல்’ என்று பதிவாகும்.

நோட்டுப் புத்தகம் வழங்க விழா நடத்தலாமா? (தன்னார்வலர்)

நோட்டு கொடுங்கள். மேடையும் புகைப்படமும் வேண்டாம்.

பதினான்கு வயது மாணவி, தம்பியைப் பார்த்துக்கொள்ள அடிக்கடி வீட்டில் நின்றுவிடுகிறாள். (ஓர் ஆசிரியர்)

வருகையைப் பொறுத்துத் தாய்மாருக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை மெக்சிகோ 1997இல் தொடங்கியது. மேல் வகுப்புப் பெண்களுக்குக் கூடுதல் தொகை. அதனால் அவர்களின் சேர்க்கை உயர்ந்தது. அது அரசு செய்ய வேண்டிய வேலை. உங்களால் முடிந்தது சிறியது: பெயரை நீக்காதீர்கள், மூன்றாம் நாளே வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். அவள் திரும்பி வரும்போது ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காமல், விட்டுப்போன பாடக் குறிப்புகளைக் கையில் கொடுத்து உட்கார வையுங்கள்.