சீன மொழி பேசும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆங்கில வாசிப்பையும் சொல்வளத்தையும் எப்படி அளப்பது?

நீங்கள் கேட்டிருப்பது: சீனாவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கப் போகிறீர்கள். வகுப்பில் 45 பேர். கையில் இருப்பது போன பரீட்சையின் மொத்த மார்க் மட்டும். யாருக்கு எது வரவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த மொத்த மார்க்கை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 150-க்கு 95 வாங்கிய இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்குச் சொல் தெரியும், நீளமான வாக்கியம் வந்தால் தடுமாறுவான். இன்னொருத்திக்கு வாக்கிய அமைப்பு புரியும், சொல் போதாது. இருவருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்தால் இருவருக்கும் ஒரு வருடம் வீணாகும். சொல்லைத் தனியாக, வாக்கியத்தைத் தனியாக, பத்தி வாசிப்பைத் தனியாக அளந்து பாருங்கள். மூன்று பீரியட் போதும்.

முதலில் அவர்கள் எழுதப்போகும் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. காவ்காவ் எனப்படும் தேசியக் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத் தாள் 120 நிமிடம், 150 மார்க். புதிய வடிவத் தாளில் வாசிப்புக்கு 50 மார்க். நான்கு பத்திகளுக்கு 15 கேள்விகள், ஒவ்வொன்றும் 2.5 மார்க். மீதி 12.5 மார்க், விடுபட்ட ஐந்து இடங்களில் ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்து பொருத்துவதற்கு. எல்லாமே விடையைத் தெரிவு செய்யும் கேள்விகள்தான். முதல் பகுதியின் 37.5-ல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 9 மார்க்குக்கு மேல் வந்துவிடும். தவறுக்கு மார்க் குறைப்பும் கிடையாது. அதனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு ஊறிப்போன பழக்கம். உங்கள் டெஸ்டைக் கெடுக்கும் முதல் விஷயமும் அதுவே. ஆகவே ஒவ்வொரு சொல் தாளிலும் 'தெரியாது' என்று ஒரு கட்டம் போடுங்கள். இந்த டெஸ்ட் மார்க் பட்டியலில் ஏறாது, வகுப்பாசிரியருக்கும் போகாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சீனத்திலும் ஒருமுறை சொல்ல ஆள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எத்தனை சொல் தெரியும்

இதற்கு 2017-ல் வெப், சசாவ், பாலன்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட புதுப்பிக்கப்பட்ட சொல்நிலைத் தேர்வைப் பயன்படுத்துங்கள். அதிகம் புழங்கும் முதல் 1000 சொற்கள், அடுத்த 1000 என்று ஐந்து நிலைகள், நிலைக்கு 30 கேள்விகள். ஆறு சொற்களைக் கொடுத்து மூன்று பொருள்களோடு பொருத்தச் சொல்வார்கள். முதல் மூன்று நிலைகளில் 30-க்கு 29, நான்காவதிலும் ஐந்தாவதிலும் 24 எடுத்தால்தான் அந்த நிலை கைவசம் இருப்பதாகக் கொள்ள வேண்டும். '25 வந்திருக்கிறதே, பரவாயில்லை' என்று 2000 நிலையைத் தாண்டவிடாதீர்கள். அந்த நிலையில் ஆறில் ஒன்று தெரியாமல் இருந்தால் எந்தப் பத்தியிலும் வரிக்கு வரி இடறும்.

140 கேள்விகள் கொண்ட சொல் அளவுத் தேர்வு ஒன்றும் உண்டு. அதற்குச் சீன மொழிப் பதிப்பும் இருக்கிறது. சரியான விடைகளை 100-ஆல் பெருக்கினால் எத்தனை சொல் தெரியும் என்று வந்துவிடும். கேட்க வசதியாக இருக்கும், ஆனால் ஊகித்துக் குறிக்கும் வகுப்பில் அது பெரிதாக ஏமாற்றும். உண்மையில் 30 மட்டும் தெரிந்த பிள்ளை மீதி 110-ஐயும் குத்துமதிப்பாகக் குறித்தால், நாலில் ஒன்று என்று இன்னும் 27 சரியாகும். 3000 சொல் தெரிந்தவனுக்கு 5700 என்று வரும்.

பொருளை ஆங்கிலத்திலேயே கொடுத்தால் அந்த விளக்கத்தை வாசிப்பதே ஒரு பரீட்சையாகிவிடும். சீனத்தில் கொடுங்கள். பெருநிலச் சீனாவுக்கு எளிதாக்கிய எழுத்து, தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் மரபெழுத்து.

பாடத்திட்டத்தில் உள்ள 3000-ஐயும் சொல்நிலைத் தேர்வின் 3000-ஐயும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம். 2017 பாடத்திட்டப்படி (2020-ல் திருத்தியது) நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளை ஏறக்குறைய 3000 சொற்கள் அறிந்திருக்க வேண்டும். அது பாடத்துக்கென்று தொகுத்த பட்டியல். சொல்நிலைத் தேர்வின் 3000 என்பது ஆங்கிலம் புழங்கும் இடங்களிலிருந்து எண்ணி எடுத்த வரிசை, அதுவும் ஒரு சொல்லோடு அதன் கிளைச்சொற்களையும் சேர்த்து எண்ணியது. இரண்டும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகும். தைவானில் நுழைவுத் தேர்வு மையத்தின் பட்டியலே ஆறு நிலைகளில் சுமார் 6000 சொற்கள். அங்கிருந்து வந்த பிள்ளையை இந்த 3000-ஐ வைத்து எடை போடாதீர்கள்.

தெரிந்த சொல் உண்மையில் தெரியுமா

பெரும்பாலான பிள்ளைகள் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள். ஒரு ஆங்கிலச் சொல், எதிரே ஒரு சீனச் சொல், அவ்வளவுதான். பொருத்தும் தேர்வில் அது முழு மார்க் வாங்கித் தரும், பத்தியில் கைவிடும். 'பழகிய சொல், பழகாத பொருள்' என்று சீன ஆசிரியர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது தாள் இதைத்தான் அளக்க வேண்டும்.

இருபது வாக்கியங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல், ஆனால் இரண்டாவது பொருளில். 'வி மஸ்ட் அட்ரஸ் திஸ் ப்ராப்ளம்' என்று கொடுத்து 'அட்ரஸ்' என்பதன் கீழே கோடு போட்டு, இந்த வாக்கியத்தில் அதற்கு என்ன பொருள் என்று சீனத்தில் எழுதச் சொல்லுங்கள். 'முகவரி' என்று எழுதியவருக்கு சுழியம், பக்கத்தில் 'ப' என்று ஒரு குறி. பட்டியல் பொருள் என்பதற்கு அடையாளம். ஒன்றுமே எழுதாதவருக்கும் சுழியம்தான், ஆனால் 'ப' கிடையாது. 'ஃபைன்' (அபராதம்), 'ரன்' (நடத்துதல்), 'புக்' (முன்பதிவு), 'நாவல்' (புதுமையான), 'பேர்' (தாங்குதல்) எல்லாம் இதற்குத் தோதான சொற்கள். 20-ல் எட்டு, பத்து 'ப' வாங்கிய பிள்ளைக்குப் புதுச் சொல் பட்டியல் கொடுத்துப் பயனில்லை. அவனுக்குத் தேவை, தெரிந்த சொற்களையே வேறு வேறு வாக்கியங்களில் பார்ப்பது.

இதே தாளில் சொற்சேர்க்கைக்கும், அதாவது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதற்கும், பத்து கேள்விகள் வையுங்கள். சீனத்தில் பெய்வது 'பெரிய' மழை, தேநீர் 'கெட்டி', விளக்கைத் 'திறக்கிறார்கள்', மருந்தை 'உண்கிறார்கள்'. நாமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் என்பதால் 'ஈட் மெடிசின்' என்று எழுதியிருந்தால் தமிழ்க் கண்ணுக்கு உறுத்தாமல் போகலாம். 'ஓபன் த லைட்' உடனே உறுத்தும். இரண்டும் ஒரே வகைப் பிழைதான்.

சொல்லின் உறுப்புகளுக்கும் பத்து. சீனம் கூட்டுச்சொல் மொழி. கணினி அவர்களுக்கு 'மின்-மூளை', ரயில் 'தீ-வண்டி'. அதனால் 'ஃபயர்ஃபைட்டர்' மாதிரி இரண்டு சொல் சேர்ந்தது வந்தால் தாங்களே பிரித்துப் பொருள் கண்டுவிடுவார்கள். ஒட்டு சேர்ந்து பெயர், வினை, உரிச்சொல் என்று உருமாறுவதுதான் சிரமம். சீனத்தில் பல சொற்கள் உருமாறாமலே வினையாகவும் பெயராகவும் நிற்கும். 'டிசைட்' என்று கொடுத்து வாக்கியத்தில் 'டிசிஷன்' வர வேண்டிய இடத்தைக் காலியாக விடுங்கள். நுழைவுத் தேர்வின் இலக்கணப் பகுதியிலும் இப்படிக் கேட்கிறார்கள் என்பதால் பிள்ளைகள் ஆர்வமாகவே எழுதுவார்கள்.

எழுத்தைப் படிக்கிறார்களா, படமாகப் பார்க்கிறார்களா

இந்தச் சோதனை எல்லோருக்கும் வேண்டாம். 'கொயட்' (அமைதி), 'கொய்ட்' (ஓரளவு) இரண்டிலும் அதே ஐந்து எழுத்துகள்தான், கடைசி இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கும். 'அடாப்ட்', 'அடாப்ட்' என்று காதில் கிட்டத்தட்ட ஒன்றாக விழும் இரண்டு சொற்களில், தகவமைவதற்கு நடுவில் 'ஏ', தத்தெடுப்பதற்கு 'ஓ'. முதல் இரண்டு தாள்களிலும் இப்படிப்பட்ட சொற்களை மாற்றி மாற்றிக் குறித்தவர்களை மட்டும் தனியே அழையுங்கள். ஒலியைக் கூட்டி வாசிக்காமல் சொல்லின் மொத்தத் தோற்றத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். சீன எழுத்தைக் கற்ற பழக்கம் இதில் ஒரு காரணம்.

இருபது பொய்ச் சொற்களை ஒரு தாளில் எழுதி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்: 'பிளிம்', 'வோப்', 'த்ரேக்' மாதிரி. எங்கேயும் மனப்பாடம் செய்திருக்க முடியாது என்பதால் எழுத்தை ஒலியாக்கத் தெரிகிறதா என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். பெருநிலச் சீனாவில் முதல் வகுப்பிலேயே, சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் வழியாக ரோமன் எழுத்து பழக்கமாகிவிடுகிறது. தைவானில் அதற்குப் பதில் ரோமன் அல்லாத சூயின் ஒலிக்குறிகள். ஹாங்காங்கில் பெரும்பாலும் சீன எழுத்தை நேரடியாகவே கற்கிறார்கள். பின்யின் தெரிந்தவர்களிடம் வேறொரு தொல்லை உண்டு, ஆங்கில எழுத்துக்கும் பின்யின் ஒலியைக் கொடுப்பார்கள்.

உச்சரிப்புக்கு மார்க் குறைக்காதீர்கள். கான்டனீஸ் பேசுகிறவர்களும் தென்சீனப் பகுதிகள் பலவற்றில் உள்ளவர்களும் 'ன'வையும் 'ல'வையும் மாற்றுவார்கள், 'நைட்' என்பது 'லைட்' ஆகிவிடும். அது பேச்சு வழக்கு, வாசிப்புப் பிழை ஆகாது.

வாக்கியம்

தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு இங்கே ஒரு அனுகூலம். 'ஆசிரியர் அழைத்த பையன் சிரித்தான்' என்பதில் பையனைப் பற்றிய விவரம் பையனுக்கு முன்னால் வருகிறது. சீனத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில் அது பின்னால் போய்விடும்: 'த பாய் ஹூ த டீச்சர் கால்ட் ஸ்மைல்ட்'. இந்த வாக்கியத்தைக் கொடுத்து 'சிரித்தது யார்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த பிள்ளையே 'ஆசிரியர்' என்று எழுதும், ஏனென்றால் வினைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் ஆசிரியர். இந்த மாதிரி ஆறு வாக்கியங்கள், சுட்டுப்பெயர் யாரைக் குறிக்கிறது என்று கேட்கும் ஆறு வாக்கியங்கள், மொத்தம் பன்னிரண்டு போதும். எல்லாச் சொற்களும் முதல் 1000-க்குள் இருக்கட்டும். அப்போதுதான் தவறினால் அது வாக்கியத்தால் வந்த தவறு என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

பத்தி வாசிப்பு

300 முதல் 350 சொல் அளவில் இரண்டு பத்திகள். அச்செடுக்கும் முன் ஆன்ட்வேர்ட்புரொஃபைலர் மாதிரி ஒரு மென்பொருளில் போட்டு எந்தெந்த நிலைச் சொற்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உதவியில்லாமல் ஓரளவு புரிய 95 சதவீதமும், நன்றாகப் புரிய 98 சதவீதமும் தெரிந்த சொற்களாக இருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வுகளில் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு. 350 சொல் பத்தியில் 95 என்றால் 17 சொல் தெரியாது, 98 என்றால் 7. முதல் பத்தி வகுப்பில் பலருக்கு 98-ஐத் தொடட்டும், இரண்டாவது 95-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஆட்பெயர், ஊர்ப்பெயர்களை மென்பொருள் தெரியாத சொல்லில் சேர்த்திருந்தால் கழித்துவிடுங்கள்.

தலைப்பில் கவனம் வேண்டும். அதிவேக ரயில், நடு இலையுதிர் விழா பற்றிய பத்தி என்றால் வாசிக்காமலே பாதி விடை எழுதுவார்கள். அமெரிக்க நன்றியறிதல் நாள் என்றால் ஆங்கிலத்தோடு வேறொரு ஊர் வழக்கமும் சேர்ந்து கனக்கும். கேள்விகளைத் தயாரித்ததும் பத்தியைக் கொடுக்காமல் கேள்விகளை மட்டும் இன்னொரு வகுப்பிடம் கொடுத்துப் பாருங்கள். நாலு விடையில் ஒன்று என்ற கேள்வியில் கால்வாசியைவிடக் கணிசமாக அதிகம் பேர் சரியாக எழுதினால் அதை நீக்கிவிடுங்கள்.

முதல் பத்திக்கு எட்டு தெரிவுக் கேள்விகள், நேரக்கணக்கோடு. பத்து நொடிக்கு ஒருமுறை கரும்பலகையில் நேரத்தை மாற்றி எழுதுங்கள். வாசித்து முடித்ததும் பிள்ளை பலகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு தாளைக் கவிழ்க்க வேண்டும். 350 சொல்லை 200 நொடியில் முடித்தால் நிமிடத்துக்கு 105 சொல். எட்டில் ஆறுக்குக் குறைவாக எடுத்தவரின் வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது வெறுமனே கண்ணை ஓட்டிய வேகம்.

இரண்டாவது பத்திக்குக் கேள்வியே வேண்டாம். வாசித்து முடித்து, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நினைவில் இருப்பதையெல்லாம் சீனத்தில் எழுதட்டும். பத்தியை முன்கூட்டியே 25 அல்லது 30 சிறு செய்திகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். திருத்தச் சீனம் தெரிந்த சக ஆசிரியர் ஒருவர் வேண்டும், 45 தாளுக்கு ஒரு மாலை முழுதும் போகும். ஆனாலும் இதை விட்டுவிடாதீர்கள். தெரிவுக் கேள்வியில் ஏழு எடுத்த பிள்ளை இதில் ஐந்து செய்தி மட்டும் எழுதியிருந்தால், கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பொருத்தும் தந்திரத்தால்தான் அந்த ஏழு வந்தது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எழுதத் தெரியாத குறை வாசிப்புக் குறையாகத் தெரியும்.

மூன்று பீரியடின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொல் நிலை உயரமாக இருந்து 'ப' நிறைய இருந்தால் பட்டியல் படிப்பு. சொல் நிலை உயரமாகவும் 'ப' குறைவாகவும் இருந்து வாக்கியத்தில் தவறினால் இலக்கணத்தை விதியாகக் கற்பிப்பதைவிட நீள வாக்கியங்களைத் துண்டு துண்டாக வாசிக்க வைப்பது பலன் தரும். மூன்றும் நன்றாக இருந்து செய்தி எண்ணிக்கை மட்டும் குறைந்தால் வேகத்தைப் பாருங்கள். மிக மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்குக் கடைசி வரி வரும்போது முதல் வரி மறந்திருக்கும். வேகமும் சரி என்றால் அதே நீளத்தில் ஒரு சீனப் பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் சிலர் குறைவாகவே எழுதுவார்கள். அவர்களிடம் ஆங்கிலத்தைக் குறை சொல்லக் கூடாது.

சொல்நிலைத் தேர்வுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இப்போது ஒன்றைக் கொடுத்தால் பருவ முடிவில் மற்றதைக் கொடுங்கள். 30-க்கு ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ அதை முன்னேற்றம் என்றும் சரிவு என்றும் எழுதாதீர்கள். அன்றைய தூக்கமே அவ்வளவு வித்தியாசத்தைத் தரும், அதுவும் இரவு பத்து மணிக்கு மேலும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு. முதல் தேர்வைத் திங்கள் காலை வைத்தீர்கள் என்றால் இரண்டாவதையும் திங்கள் காலையே வையுங்கள்.