லலித், காமினி தொடங்கிய கட்சி ஏன் நிலைக்கவில்லை?

இலங்கையில் 2020இல் சஜித் பிரேமதாச ஐக்கிய தேசியக் கட்சியை (ஐ.தே.க) விட்டுப் போய்ப் பொதுத் தேர்தலில் 54 ஆசனம் எடுத்தார், தாய்க்கட்சிக்கு மிஞ்சியது தேசியப் பட்டியலில் ஒன்றே ஒன்று. அப்படியிருக்க, அதே கட்சியை உடைத்து லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் தொடங்கிய ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணி மட்டும் ஏன் மூன்று வருடத்தில் கரைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தவருக்குத் தெற்கு அரசியல் எட்டவேயில்லை என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் அந்தக் காலத்துக்குப் பிறகு பிறந்தவர் என்று நினைக்கிறேன். 1993இல் எங்களிடம் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் பிபிசி தமிழோசைக் குரல் கம்மிவிடும், ஐயா உடனே "சுத்து, சுத்து" என்பார். அந்தக் கட்சியின் கதை முழுவதையும் நான் பெடல் சுற்றித்தான் கேட்டேன்.

சனாதிபதி ஜே.ஆர்.ஜயவர்த்தனவுக்குப் பிறகு தாங்கள்தான் என்று இருந்தவர்கள் அவர்கள் இருவரும். 1988இல் வேட்பாளராகிச் சனாதிபதியானவர் சஜித்தின் தகப்பன் ரணசிங்க பிரேமதாச. அடுத்த வருடம் பிரதமர் பதவியும் இவர்களுக்கு இல்லை, டி.பி.விஜேதுங்கவுக்குப் போனது. 1991 ஓகஸ்டில் பிரேமதாசவைப் பதவிநீக்கக் குற்றப்பிரேரணை கொண்டுவந்தார்கள். சபாநாயகர் எம்.எச்.முகமது முதலில் ஏற்றார், பிறகு நிராகரித்தார். கட்சி அவர்களை நீக்கியது, நீக்கியது செல்லும் என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. பிறகுதான் கழுகுச் சின்னத்தில் புதுக்கட்சி. நிறைவேற்று சனாதிபதி முறை நாட்டை நாசமாக்குகிறது என்று மேடை மேடையாகப் பேசினார்கள்.

அதைக் கேட்டு ஐயா சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "தாங்கள் ஏறேக்க நல்ல ஏணி. மற்றவன் ஏறினாப் பிறகுதான் உக்கல் தெரியுது."

ஐயா இப்படிச் சொன்னதற்கு நியாயம் இருந்தது. 1981இல் எங்கள் நூலகம் எரிந்த நாட்களில் காமினி யாழ்ப்பாணத்தில் இருந்த அமைச்சர். 1987 வடமராட்சித் தாக்குதலின்போது தேசிய பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் லலித். அப்போது நாங்கள் கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்தோம். ஆகவே நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் தயவுசெய்து சண்டைக்கு வரவேண்டாம்.

ஏப்ரல் 23ஆம் திகதி கிருலப்பனைக் கூட்டத்தில் லலித்தைச் சுட்டார்கள். மறுநாள் இரவு முற்றத்தில் நாலைந்து வீட்டுச் சனம் கூடியிருந்தது. "வேணும் அவனுக்கு" என்று ஒருவர் சொன்னார். அடுத்து, கொன்றவன் என்று சொல்லி ஒரு தமிழ்ப் பொடியனின் சடலத்தைக் காட்டுகிறார்கள் என்ற செய்தி வந்தது. அம்மா எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. என் அண்ணா வெள்ளவத்தையில் ஒரு அறையில் தங்கிக் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். எட்டு நாளில், மே தின ஊர்வலத்தில் பிரேமதாசவும் கொல்லப்பட்டார். அண்ணாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

யூன் மாதம் கிளாலிக் கடல்வழியால் வந்த ஒருவர் கடிதம் கொண்டுவந்தார். இரண்டு தரம் அறையைச் சோதித்தார்களாம், ஒரு இரவு பொலிசில் வைத்திருந்து விட்டார்களாம். அதோடு நாலு சவர்க்காரம். அவற்றைச் சுற்றியிருந்த வீரகேசரித் தாளை ஐயா மடியில் வைத்து நீவி நீவி விரித்தார். மாகாண சபைத் தேர்தல் முடிவு அதில் இருந்தது. மேல் மாகாணத்தில் ஐ.தே.க பெரும்பான்மை இழந்திருந்தது, கழுகுக் கட்சியின் கையும் சேர்ந்து சந்திரிகா குமாரதுங்கவை முதலமைச்சராக்கியது. அந்தக் கட்சி எட்டிய உச்சம் அதுதான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்தக் கட்சியைச் சேர்த்துக் கட்டிய கயிறு பிரேமதாச மீதிருந்த கோபம். அவர் போனதும் கயிறு அறுந்தது. காமினி தாய்க்கட்சிக்கே திரும்பி, அதன் சனாதிபதி வேட்பாளராகி, 1994 ஒக்டோபர் 24 தொட்டலங்கவில் குண்டுக்குப் பலியானார். லலித்தின் மனைவி ஸ்ரீமணி மிஞ்சியவர்களோடு சந்திரிகா பக்கம் போய் அமைச்சரானார். லலித்தின் கொலையை விசாரிக்கச் சந்திரிகா அமைத்த ஆணைக்குழு, புலிகளை விட்டுப் பிரேமதாசவின் ஆட்களைத்தான் சுட்டியது. சஜித்தின் கதை வேறு. அவர் போகும்போது தாய்க்கட்சியின் எம்.பி.மாரில் பெரும்பகுதி கூடவே போனது. லலித், காமினியோடு போன எம்.பி.மார் ஒரு கை விரல்களைவிடக் கொஞ்சம்தான் கூட.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஐயா அப்படிச் சேர்த்த சாமான் சுற்றிய தாள்கள் ஒரு பெரிய கட்டு இருந்தது. 1995 இடப்பெயர்விலும் அதைத் தலையில் சுமந்தார். ஐயா இறந்த பிறகு, ஆய்வு செய்கிறேன் என்று வந்த ஒருவர் இரண்டு கிழமையில் தருவதாக வாங்கிப் போனார். பதினொரு வருடமாகிறது. தொலைபேசியை எடுக்கிறாரில்லை. அவர் இதைப் படித்தால், மற்றவற்றை வைத்திருந்தாலும் பரவாயில்லை, சவர்க்காரம் சுற்றிய அந்த ஒரு தாளையாவது திருப்பி அனுப்பட்டும். அம்மா இன்னும் கேட்கிறார்.