ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர்? – வாங்குவோர் கேள்வி பதில்

கேள்வி: வேலி போட வந்தவர் சக்கரத்தை உருட்டி மனையை அளந்தார். சுற்றுக்கு 1 மீட்டர், மொத்தம் 200 மீட்டர் என்று பணம் வாங்கிவிட்டார். டேப்பில் அளந்தால் 188தான் வருகிறது. சக்கரத்தின் விட்டம் 30 செ.மீ. – திண்டுக்கல் வாசகர்

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, டேப் வைத்து அளந்தது ரொம்ப நல்ல வேலை. விட்டம் 30 என்றால் சுற்றளவு 30 × 3.14, அதாவது 94.2 செ.மீ. 200 சுற்றுக்கு 188.4 மீட்டர்தான். ஒரு சுற்றில் 1 மீட்டர் ஓட விட்டம் 31.8 செ.மீ. இருக்க வேண்டும். கூடுதலாக வாங்கிய 11.6 மீட்டருக்கான பணத்தை எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அரசு முத்திரை இல்லாத அளவுக்கருவி என்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவிலும் புகார் கொடுங்கள், விடாதீர்கள்.

கேள்வி: 24 இன்ச் சைக்கிளைவிட 26 இன்ச் வேகமாகப் போகுமா? பையனுக்கு வாங்க வேண்டும்.

பதில்: பையனின் உயரத்துக்கு வாங்குங்கள்.

கேள்வி: காரில் 165/80 R14 டயரைக் கழற்றிவிட்டு, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று 195/65 R15 போட்டேன். மைலேஜ் குறைந்துவிட்டது. பங்க்கில் ஏமாற்றுகிறார்களா?

பதில்: பங்க்கை ஏன் இழுக்கிறீர்கள்? வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பழைய டயரின் சுற்றளவு சுமார் 1.946 மீட்டர், புதியது 1.993. காரில் கி.மீ. காட்டும் மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றைத்தான், டயர் மாறியது அதற்குத் தெரியாது. அது 1000 கி.மீ. காட்டும்போது வண்டி 1024 ஓடியிருக்கும், 20 கிடைத்த மைலேஜ் கணக்கில் 19.5 ஆகிவிடும். 165 மி.மீ.க்குப் பதில் 195 மி.மீ. அகல டயர் இழுக்கும் பெட்ரோல் தனி. வேகத்தையும் முன்பைவிடக் குறைத்துக் காட்டும், அதுதான் ஆபத்து.

கேள்வி: 26×1.50 டயர் சைக்கிளில் கி.மீ. காட்டும் மீட்டர் மாட்டி, சக்கர அளவை 26 இன்ச் என்று வைத்தேன். 20 கி.மீ. போனால் 21 காட்டுகிறது. மீட்டர் மோசமா?

பதில்: மீட்டரைத் திட்டாதீர்கள், அந்த 26 என்ற எண்தான் பிரச்சினை, பல காலமாக எனக்கு இதில் ஆத்திரம். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மி.மீ., அதன் மேல் எவ்வளவு தடிமனான டயர் ஏறுகிறதோ அதைப் பொறுத்து வெளி விட்டம் மாறும், ஆனாலும் எல்லாவற்றுக்கும் பெயர் 26தான். 26 இன்ச்சை அப்படியே விட்டமாக வைத்து 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு 2074 மி.மீ. வரும், உங்கள் 1.50 இன்ச் ஒல்லி டயருக்கு 2000கூட வராது. நான் வாங்கிய ஒரு மீட்டரில் 24, 26, 28 இதைத் தவிர வேறு எண்ணே வைக்க முடியாது, கொடுத்த காசு போனதுதான். டயரின் பக்கத்தில் சுற்றளவை மில்லிமீட்டரில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது: காற்றடித்து, வால்வு தரையை நோக்கி இருக்கும்போது ஒரு கோடு போட்டு, சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்று உருட்டி மறுபடி கோடு போடுங்கள். இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து மீட்டரில் ஏற்றுங்கள். உட்கார்ந்து அளப்பது முக்கியம், எடையில் டயர் கொஞ்சம் அமுங்கும்.