பயிற்சி நாளில் பூமாலை வேண்டாம், மாதிரிப் பால் வேண்டும்

கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் குழுக்கள், அறக்கட்டளைகள் நடத்தும் பயிற்சிகளையும் ஊர் நிகழ்ச்சிகளையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: எங்கள் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் "பாலின் கொழுப்பு அளவைக் குறைத்துப் போடுகிறீர்கள்" என்று தினமும் சண்டை. உறுப்பினர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தால் தீருமா? எப்படி நடத்துவது?
- சங்கச் செயலாளர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பேச்சாளரை அழைத்து வந்து "தரமான பால்" என்று இரண்டு மணி நேரம் பேசவைத்தால் தீராது. கறந்த பாலையும் சோதனைக் கருவியையும் நடுவில் வைத்தால் தீர வாய்ப்பு உண்டு.

முதலில் நேரம். காலைப் பால் ஊற்றி முடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வர 10.30 ஆகும். மாலைக் கறவைக்கு 3 மணிக்கே கிளம்பிவிடுவார்கள். ஆக உங்கள் கையில் இருப்பது நாலரை மணி நேரம், சாப்பாடு உட்பட. 9.30 என்று அழைப்பிதழில் போட்டு, 11 வரை காத்திருந்து, வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் முக்கால் மணி நேரம் கொடுத்தால் பயிற்சிக்கு என்ன மிச்சம்?

மூன்று செய்முறைகள் போதும். ஒன்று: முதல் நாளே ஒரு உறுப்பினரிடம் சொல்லி வைத்து, ஒரே பசுவின் முதல் 200 மில்லி பாலையும் கடைசி 200 மில்லி பாலையும் தனித்தனிப் பாத்திரத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லோர் கண்முன்னும் சோதியுங்கள். முதல் பாலில் கொழுப்பு 2 சதவீதத்துக்குக் கீழேயும் கடைசிப் பாலில் 6-க்கு மேலேயும் காட்டுவது சாதாரணம். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதல் பாலைச் சங்கத்துக்கு ஊற்றுபவருக்கு ஏன் விலை குறைகிறது என்பதை இதற்குமேல் யாரும் விளக்க வேண்டாம். கன்றுக்கு முதல் பாலை விடலாமே என்று அவர்களே கேட்பார்கள்.

இரண்டு: ஐந்து லிட்டர் பசும்பாலைக் கேனில் ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீர் வாளிக்குள் ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே ஒரு கரண்டி, அடியிலிருந்து ஒரு கரண்டி, நன்றாகக் கலக்கிய பிறகு ஒரு கரண்டி என மூன்று மாதிரிகள். ஒரே கேனில் மூன்று அளவு வரும். மாதிரி எடுக்குமுன் கலக்காவிட்டால் ஒரு நாள் உறுப்பினருக்கு நட்டம், ஒரு நாள் சங்கத்துக்கு நட்டம். இது உங்கள் பரிசோதகருக்கும் சேர்த்துத்தான் பாடம். எருமைப்பாலில் ஆடை பிரிய வெகுநேரம் ஆகும், ஆகவே இந்தச் செய்முறைக்கு அது சரிவராது.

மூன்று: கறந்த சூட்டோடு ஒரு முறை, ஆறிய பிறகு ஒரு முறை, பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை விட்டுக் காட்டுங்கள். சூடான பாலில் அது கீழே அமிழும், இதர சத்து, அதாவது கொழுப்பு தவிர்த்த திடப்பொருள், குறைவாகத் தெரியும். மின்னணுக் கருவி வைத்திருந்தால் நுரையோடு ஊற்றிய மாதிரியையும் நுரை அடங்கிய மாதிரியையும் போட்டுப் பாருங்கள். காற்றுக்குமிழி இருந்தால் கருவி தப்பாகவே சொல்லும்.

தீவனத்தைப் பற்றிப் பத்து நிமிடம் போதும். வைக்கோல், சோளத்தட்டு போன்ற நார்த்தீவனத்தைக் குறைத்து அடர்தீவனத்தையே அள்ளிப் போட்டால் பால் கூடலாம், கொழுப்பு இறங்கும். மறுநாள் காலையிலிருந்து ஒரு வாரம், யார் கேட்டாலும் அவர் எதிரிலேயே மறுசோதனை செய்யத் தயாராக இருங்கள். அதற்கு மனமில்லை என்றால் பயிற்சியே வைக்காதீர்கள், சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கேள்வி: மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கணக்குப் பதிவேடு பயிற்சி மூன்று முறை கொடுத்துவிட்டோம். வந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். குழுவுக்குப் போய்ப் பார்த்தால் பதிவேடு பழையபடிதான். எங்கே தவறு?
- சமூக வளப் பயிற்றுநர், தருமபுரி மாவட்டம்

பதில்: கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பீர்கள். கணக்கு என்பது கையில் பணம் இருக்கும்போதுதான் உறைக்கும். வெட்டிய காகிதத்தில் 10, 50, 100, 500 என்று எழுதி நோட்டு தயாரித்து, 12 பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு குழுக் கூட்டத்தை நடத்திக் காட்டுங்கள். கணக்கு இப்படி இருக்கட்டும்: கையிருப்பு 350 ரூபாய். ஒருவர் வரவில்லை, 11 பேர் ஆளுக்கு 100 சேமிப்பு, ஆக 1,100. கடன் பாக்கி 5,000 உள்ளவரும் 3,000 உள்ளவரும் அசலில் ஆளுக்கு 500 கட்டுகிறார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 50-ம் 30-ம். போன கூட்டத்துக்கு வராதவர் அபராதம் 10. வரவு மொத்தம் 2,190, கையிருப்போடு 2,540. ஒருவருக்குக் கடன் 2,000, பதிவேடு வாங்க 45, வங்கியில் கட்டியது 400. மீதி 95 ரூபாய் பெட்டியில் இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் பெட்டியை எண்ணச் சொல்லுங்கள். 95 வராத இடத்தில்தான் பயிற்சி தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்று இடங்களில் இடறும். அசலும் வட்டியுமாகக் கட்டிய 550-ஐ முழுக்க அசலில் எழுதிவிடுவார்கள். இதில் பெட்டிக்கணக்கு சரியாகவே வரும், அதனால்தான் பல மாதம் யார் கண்ணிலும் படுவதில்லை. கடன் பேரேட்டைத் தனியாகக் கூட்டினால்தான் தெரியும். அடுத்து, வராதவரின் 100-ஐயும் சேர்த்து 1,200 என்று போடுவார்கள். கடைசியாக, வங்கியில் கட்டிய 400-ஐச் செலவு என்று நினைப்பார்கள். அது ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போன நம் பணம். ரொக்கப் புத்தகத்தில் பணம் வெளியே போன பக்கத்தில் வந்தாலும், குழுவின் செலவுப் பட்டியலில் சேரக் கூடாது.

ஒரு பயிற்றுநருக்கு இரண்டு வட்டம், அதாவது 25 பேர் வரைதான். எழுத்து வராத அம்மாக்களைப் பெட்டி எண்ணுபவராகவும் சாட்சியாகவும் போடுங்கள். மனக்கணக்கில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள், குழுவின் கணக்கை எழுதும் ஊக்குநர் தப்பாக எழுதினால் முதலில் கண்டுபிடிப்பதும் அவர்களே. பிறகு, உண்மையான பதிவேட்டை அடுத்த குழுக் கூட்டத்தில் அவர்கள் எழுத, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். இந்த ஒரு கூட்டம் நடக்காததால்தான் முந்தைய மூன்று பயிற்சிகளும் வீணாயின. நூறு நாள் வேலை நடக்கும் நாளில் பயிற்சி வைத்துக் கூலியைக் கெடுக்கவும் வேண்டாம்.

கேள்வி: இயக்குநர் குழுவுக்குப் பயிற்சி. பந்து எறிவது, பலூன் ஊதுவது என்றால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கூட்டுறவு மனப்பான்மையைக் காட்டும்படி உருப்படியாக ஒரு விளையாட்டு சொல்லுங்கள்.
- நெசவாளர் கூட்டுறவுச் சங்க ஊழியர், ஈரோடு மாவட்டம்

பதில்: உடைந்த சதுரங்கள். பயிற்சியாளர்களிடையே பழைய ஆட்டம்தான், ஆனால் பலர் அட்டையைத் தப்பாக வெட்டிக் கெடுத்துவிடுகிறார்கள். இருபுறமும் ஒரே நிறமுள்ள கெட்டி அட்டையில் 6 அங்குலச் சதுரம் ஐந்து எடுங்கள். இரண்டு சதுரங்களை மூலைக்கு மூலை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை மறுபடி நடுவே இரண்டாக்குங்கள். மூன்றாவதை நெடுக்காக இரண்டாக்கி, ஒரு பாதியை இரண்டு சிறு சதுரமாக வெட்டுங்கள். நான்காவதையும் நெடுக்காக இரண்டாக்கி, ஒரு பாதியை மட்டும் மூலைக்கு மூலை. ஐந்தாவதில் மேல் விளிம்பின் நடுவிலிருந்து கீழ் மூலைகள் இரண்டுக்கும் வெட்டினால் கூரை போன்ற முக்கோணம் ஒன்றும் ஒடுக்கமான முக்கோணம் இரண்டும் கிடைக்கும். மொத்தம் 15 துண்டுகள். கலந்து, ஐந்து உறைகளில் மூன்று மூன்றாகப் போடுங்கள். எந்த உறையிலும் முழுச் சதுரம் அமையக் கூடாது.

ஐந்து பேர் ஒரு மேசையில். ஆளுக்கு ஒரு சதுரம் முடிய வேண்டும். பேசக் கூடாது, சைகை கூடாது, அடுத்தவரிடமிருந்து எடுக்கக் கூடாது, கொடுக்கலாம். 20 நிமிடம். ஒடுக்கமான முக்கோணம் மொத்தம் நான்குதான். கூரைத்துண்டுக்கு அதில் இரண்டு கட்டாயம் தேவை. யாராவது அவற்றை வேறுவிதமாகச் சேர்த்துத் தன் சதுரத்தை முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தால் ஆட்டம் நின்றுவிடும். முடித்ததைக் கலைத்துக் கொடுத்தால்தான் நகரும். முடிந்ததும் நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். "முடித்தவர் எப்போது கலைத்தார், ஏன் அவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேளுங்கள். சங்கத்தில் யார் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்ற பேச்சு தானாக வரும். கொஞ்சம் சூடாகவும் வரலாம், அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: கூட்டுறவு வார விழாவில் கொடியேற்றம், உறுதிமொழி, இனிப்பு. அதோடு சரி. உறுப்பினர் யாரும் வருவதில்லையே?
- தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வருவதற்கு அவர்களுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? நவம்பர் 14 முதல் 20 வரை ஏழு நாள். ஒரு நாளைப் பாஸ்புக் ஒப்பிடும் நாளாக அறிவிக்கச் சொல்லுங்கள். உறுப்பினர் தன் பாஸ்புக்கோடு வருவார். பங்குத்தொகை, வைப்பு, கடன் பாக்கி மூன்றையும் சங்கப் பேரேட்டோடு ஒப்பிட்டு இருவரும் கையெழுத்திடுவார்கள். ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் ஒரு மேசையில் மணிக்கு 15 பேர். நான்கு மேசை போட்டால் ஒரு காலைப்பொழுதில் 200 பேர் வரை பார்க்கலாம். வித்தியாசம் வந்தவற்றை அங்கேயே வாதாடாமல் தனி ஏட்டில் எழுதி, எந்தத் தேதிக்குள் பதில் என்று துண்டுச்சீட்டு கொடுக்க வேண்டும். வாரிசு நியமனம் விட்டுப்போனவர்களுக்குப் படிவத்தையும் அதே மேசையில் வையுங்கள்.

டெல்டாவில் அந்த வாரம் வடகிழக்குப் பருவமழை. நடவு, களையெடுப்பு வேலையும் இருக்கும். பந்தலை நம்பாமல் கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குத் தோதுப்படாது என்றால் ஜூலை முதல் சனிக்கிழமை பன்னாட்டுக் கூட்டுறவு நாள், அன்றும் செய்யலாம்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை முதல்முறையாக 300 பேருக்கு ஊர்க்கூடல் நடத்துகிறது. மதியச் சாப்பாடு, மைக் செட், நன்கொடை வசூல் எல்லாம் உண்டு. எதில் கவனம் வேண்டும்?
- நிர்வாக அறங்காவலர், மதுரை

பதில்: முகூர்த்த நாளா என்று முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். மண்டபமும் கிடைக்காது, சமையல் மாஸ்டரும் கிடைக்க மாட்டார், வர வேண்டியவர்களும் கல்யாண வீட்டில் இருப்பார்கள். கிராமசபை நடக்கும் நாட்களையும் தவிருங்கள்.

இலைபோட்டு முழுச் சாப்பாடு என்றால் மூன்று பந்தி ஆகி இரண்டரை மணி நேரம் போய்விடும். சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று வையுங்கள். 300 பேருக்கு சாம்பார் சாதத்துக்கு அரிசி 20 கிலோ, துவரம்பருப்பு 7 கிலோ, காய்கறி 15 கிலோ. தயிர் சாதத்துக்கு அரிசி 12 கிலோ. உருளைக்கிழங்கு 27 கிலோ. தயிர் சாதத்தைப் பால் அதிகமாகவும் தயிர் கொஞ்சமாகவும் விட்டுப் பிசையச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணிக்கே புளித்துவிடும். தேநீர் ஒரு சுற்றுக்குப் பால் 15 லிட்டர், தூள் முக்கால் கிலோ, சர்க்கரை 3 கிலோ. குடிநீர் 20 லிட்டர் கேன் 25. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முதல் நாள் நீங்களே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். பெண்கள் பாதியில் கிளம்பிவிடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம், பேச்சாளர் அல்ல.

மைக் ஊளையிட்டால் உடனே சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறோம். ஸ்பீக்கர் பெட்டி பேசுபவருக்குப் பின்னால் இருப்பதுதான் பெரும்பாலும் கோளாறு. பெட்டிகளை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி நகர்த்துங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். ஒரு வாரம் முன்பே மனு கொடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது.

நன்கொடைக்கு வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், ஒருவர் எழுத இன்னொருவர் பணம் வாங்க. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) கிடையாது என்பதை மேசையிலேயே எழுதி ஒட்டுங்கள். சலுகை கேட்பவரிடம் பெயர், முகவரி, பான் எண் அப்போதே வாங்கிவிடுங்கள். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடைப் பட்டியலை வருமான வரித் துறைத் தளத்தில் ஏற்றினால்தான் அவருக்குச் சான்றிதழ் வரும்; உங்கள் ரசீது மட்டும் போதாது. உண்டியல் வைத்தால் மூன்று பேர் முன்னிலையில் திறந்து எண்ணிக் கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்டுங்கள். வசூலான ரொக்கத்திலிருந்தே சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கணக்கில் காட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தணிக்கையில் முதலில் மாட்டுவது அதுதான்.

கேள்வி: நாங்கள் சிறிய தொண்டு நிறுவனம். ஊழியர் 7, தன்னார்வலர் 6. வெளியூரில் மூன்று நாள் தங்கும் பயிற்சி முகாம். பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு எங்களுக்கும் கட்டாயமா?
- ஒருங்கிணைப்பாளர், கோவை

பதில்: 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியமில்லாத தன்னார்வலரையும் பணியாளராகவே எண்ணுகிறது. 7-ம் 6-ம் 13. பத்துப் பேர் ஆனாலே உள்ளகக் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் பணியாளர், பணியாளரிலிருந்து குறைந்தது இரண்டு பேர், வெளியிலிருந்து இந்தத் துறை அறிந்த ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். வேலை நிமித்தம் போகும் வெளியூர் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் சட்டப்படி பணியிடமே. முகாமின் முதல் நாள் காலையில், குழு உறுப்பினரின் பெயரும் கைபேசி எண்ணும் தங்கும் அறைகளின் கதவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். புகாருக்கு மூன்று மாத அவகாசம் உண்டு என்பதையும் அதில் எழுதுங்கள்.

கேள்வி: நிதி கொடுப்பவர்கள் பயிற்சிக்கு வந்தவர்களின் ஆதார் நகல் கேட்கிறார்கள். வாங்கலாமா?
- களப்பணியாளர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வருகைக்கு ஆதாரம் பெயர், ஊர், குழுவின் பெயர், நேரம், கையெழுத்து அல்லது கைநாட்டு. இவை போதும் என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் பழைய படிவத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பியிருப்பார்கள். காலையில் ஒன்று, மதியத்துக்குப் பிறகு ஒன்று என இரண்டு முறை கையெழுத்து வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பின் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரிய வேண்டிய கணக்கு.