சத்தம் கேக்குது, பேச்சு புரியல

கேள்வி: ஹியரிங் எய்டு போட்டு ரெண்டு மாசமாச்சு. ஒருத்தர் எதிர்ல உக்காந்து பேசினா ஓரளவு புரியுது, நாலு பேர் சேர்ந்துட்டா பாத்திரம் உருட்டுற சத்தம்தான் மண்டையப் பொளக்குது, பேச்சு பிடிபடவே மாட்டேங்குது. வாங்கின இடத்துல கேட்டா 'போகப் போக பழகிடும்'னு அனுப்பிடுறாங்க. வேற மெஷின் மாத்திடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க, முதல்ல செட்டிங்க மாத்திப் பாக்கணும். வயசாகி காது மந்தமாகுறப்ப பெரும்பாலும் மேல் ஃப்ரீக்வென்சி, அதாவது கீச்சுன்னு இருக்கிற ஒலிதான் முதல்ல அடி வாங்கும், ச, ஸ, ஃப மாதிரி ஒலியெல்லாம் அங்கதான் இருக்கு, அதான் ஆள் பேசுறது கேக்கும், என்ன பேசினார்னு புரியாது. மெஷின் அந்தப் பகுதியத் தூக்கிக் குடுக்குது, தட்டுல கரண்டி படுற சத்தமும் அங்கயே இருக்கிறதால அதுவும் சேர்ந்து எகிறுது. ரொம்ப சத்தமா வர்றத மட்டும் ஒரு அளவுக்கு மேல போகாம கட்டிப்போடலாம், கம்ப்யூட்டர்ல செய்ற வேலைதான்.

'பழகிடும்'னு சொல்றது பாதி உண்மை. மூளைக்கு சில வாரம் வேணும், அதுவும் தினம் முழுக்க போட்டிருந்தாத்தான் (எவ்ளோ நேரம் போட்டீங்கன்னு நிறைய மெஷின்ல பதிவாகும், அங்க கதை விட முடியாது!). ஆனா ரெண்டு மாசம் கழிச்சும் அதே பதில்னா எனக்கு அது தட்டிக்கழிக்கிற மாதிரிதான் தெரியுது. ஆடியோகிராம (காது டெஸ்ட்ல வர்ற வரைபடம்) மட்டும் போட்டா சாஃப்ட்வேர் சராசரி காதுக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடுத்துடும், உங்க காது சராசரியா இருக்கணும்னு என்ன இருக்கு? 'ரியல் இயர் மெஷர்மென்ட் செஞ்சீங்களா'னு கேளுங்க. மெல்லிசா ஒரு ட்யூப காதுக்குள்ள விட்டு, மெஷின் போட்ட நிலையில செவிப்பறை பக்கத்துல நிஜமா எவ்ளோ சத்தம் போகுதுன்னு அளப்பாங்க, வலிக்காது. போறப்ப 'சரியில்ல'னு மொட்டையா சொல்லாம எங்க, யார் பேசினப்ப, எந்த சத்தம் தொந்தரவுன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, அதவெச்சுத்தான் அவங்க எத ஏத்தணும் எத இறக்கணும்னு முடிவு பண்ண முடியும்.

கூட்டத்துல சத்தம் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி உக்காருங்க, முன்னாடி வர்ற பேச்சப் பிடிக்கிற மைக்தான் பல மெஷின்ல இருக்கு. அப்பவும் பத்தலன்னா பேசுறவர் சட்டையில மாட்டுற ரிமோட் மைக் கேட்டுப் பாருங்க.

கேள்வி: பேட்டரி ஸ்டிக்கர உரிச்சதும் போட்டுடுறேன். சீக்கிரம் தீந்துடுதே?

பதில்: உங்க மெஷின்ல இருக்கிறது ஜிங்க் ஏர் பேட்டரி, அது காத்து பட்டாத்தான் வேலை செய்யும். உரிச்சு ரெண்டு மூணு நிமிஷம் வெளிய வெச்சுட்டுப் போடுங்க. ஃபோன்ல ப்ளூடூத் பாட்டு நிறைய கேட்டாலும் சீக்கிரம் தீரும்.