பத்தமடைப் பாய்க்கு ஸ்பானிய மொழியில் எந்தச் சொல்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்தமடையில் பாய் நெய்யும் குடும்பங்களிடமிருந்து வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஸ்பெயினிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் விசாரணை வந்திருக்கிறது. லேபிளை ஸ்பானிய மொழியில் எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆங்கிலத்தில் ‘மேட்’ என்ற ஒரு சொல்தான். அகராதியிலோ அதற்கு எதிரே ஏழெட்டு ஸ்பானியச் சொற்கள் நிற்கின்றன. எதை எழுதுவது?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஆங்கிலச் சொல்லிலிருந்து புறப்படுவதால்தான் அந்த ஏழெட்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. உங்கள் கையில் இருக்கும் பொருளைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்க விரிப்பது பாய். உட்காரப் போடும் சிறியது தடுக்கு. வாசலில் கால் துடைக்கக் கிடப்பது மிதியடி. நெல்லைச் சீமையில் யாரும் மிதியடியைக் காட்டிப் பாய் என்று சொல்லமாட்டார்கள். ஆங்கிலம் இவற்றை ஒரே சொல்லில் அடக்கி, வேண்டும்போது முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொள்கிறது. ஸ்பானிய மொழியோ தமிழைப் போலவே, பொருள் எதற்குப் பயன்படுகிறது, எதனால் ஆனது என்பதைப் பார்த்துத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. ஆகவே தமிழிலிருந்து நேராகப் போவதே உங்களுக்குக் கிட்டத்து வழி.

கோரை, நாணல், ஓலை போன்றவற்றால் முடைந்து தரையில் விரிப்பதற்கு ‘எஸ்தேரா’ என்று பெயர். ஸ்பெயினின் தென்கிழக்கில் எஸ்பார்த்தோ என்னும் புல்லால் முடையும் விரிப்புகளையும் அந்தச் சொல்லாலேயே வழங்குகிறார்கள். பத்தமடைப் பாய்க்குப் பொருந்தும் சொல் இதுதான். இதில் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அதன் சிறுமை வடிவமான ‘எஸ்தெரிய்யா’ தடுக்கு அளவிலான சிறு பாய்களையும், கடற்கரையில் விரிப்பதையும், ஸ்பெயினில் யோகாசனத்துக்கு விரிப்பதையும் குறிக்கும். மிதியடிக்கு ‘ஃபெல்பூதோ’, கார், குளியலறை, கணினிச் சுட்டி ஆகியவற்றுக்கான விரிப்புகளுக்கு ‘அல்ஃபோம்ப்ரிய்யா’, உடற்பயிற்சிக் கூடத்தின் தடித்த மெத்தை விரிப்புக்குக் ‘கோல்ச்சொனேத்தா’. உணவு மேசையில் தட்டின் கீழ் வைப்பதற்காகக் கோரையில் நெய்த சிறு விரிப்பு என்றால் அது ‘மந்தெல் இந்திவிதுவால்’. மேசையின் நடுவில் நீளமாக ஓடும் விரிப்பு ‘கமீனோ தே மேசா’. மொழிபெயர்ப்புச் செயலியிடம் ‘மேட்’ என்று மட்டும் கொடுத்தால், பளபளப்பில்லாத மேற்பரப்பைக் குறிக்கும் ‘மாத்தே’கூட வரக்கூடும், ஒற்றைச் சொல்லை அதனிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

மெக்சிகோவுக்கு அனுப்பும்போது கூடுதல் கவனம் தேவை. அங்கே ஓலையாலோ ஒருவகைக் கோரையாலோ முடைந்து படுக்கப் பயன்படுத்தும் பாய்க்குப் ‘பெத்தாத்தே’ என்று பெயர். ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கு பேசப்பட்ட நாவாத்தில் மொழியிலிருந்து வந்த சொல். தரையில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் உடனே நெருக்கமாகிவிடும். பயன் நூற்றுக்கு நூறு ஒன்றுதான். ஆயினும் லேபிளின் தலைப்பில் அதைப் போட வேண்டாம் என்பேன். பெத்தாத்தே என்பது மெக்சிகோவின் சொந்தக் கைவினைப் பொருளின் பெயர். பாவு நூலில் தறியேற்றி நெய்த மென்மையான பாயை எதிர்பார்த்து யாரும் அந்தச் சொல்லைத் தேடமாட்டார்கள். தவிர, அதே சொல் ஸ்பெயினில் படைவீரனோ கடலோடியோ சுமந்து செல்லும் துணிமூட்டையைக் குறிக்கும். ‘தப்பேத்தே’ என்ற சொல்லும் இப்படித்தான்: மெக்சிகோவில் தரைவிரிப்பையும் யோகாசன விரிப்பையும் குறிப்பது, ஸ்பெயினில் மேசைமேல் போடும் துணியாகிவிடும். இரு நாட்டுக்கும் ஒரே லேபிள் என்றால் எஸ்தேராதான் பாதுகாப்பானது.

எந்தப் பெயர்ச்சொல்லைத் தேர்ந்தாலும் அதன் பாலுக்கேற்பப் பின்னால் வரும் சொற்கள் மாறும் என்பதை மறக்க வேண்டாம். கையால் நெய்தது என்பதைப் பெண்பாலான எஸ்தேராவுடன் ‘தெஹீதா அ மானோ’ என்றும், ஆண்பாலான ஃபெல்பூதோவுடன் ‘தெஹீதோ அ மானோ’ என்றும் எழுத வேண்டும். லேபிளில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டால், அந்த மொழி பேசுபவர் கண்ணில் முதலில் படுவது அந்தப் பிழைதான்.

கோரைக்கும் ஒரு வார்த்தை. தாவரவியல்படி நம் கோரையின் குடும்பத்துக்கு ‘ஹுன்சியா’ என்ற சொல் உண்டு. ஆனால் கடையில் பாய் வாங்குபவருக்குப் பழகிய சொல் ‘ஹுங்கோ’. லேபிளில் ‘எஸ்தேரா தே ஹுங்கோ’ என்று எழுதுங்கள். விரிவான விவரத்தாள் இருந்தால் அதில் ஹுன்சியாவைச் சேர்க்கலாம். பத்தமடை என்ற பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே முதலில் போடுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது, எந்த மொழிக்காகவும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் பாய் லேபிளில் ‘ஃபைன் மேட், 120 கவுண்ட்’ என்று இருக்கிறது. இவற்றை எப்படி எழுதுவது?
— ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: ‘ஃபைன்’ என்ற ஆங்கிலச் சொல் அபராதத்தையும் குறிக்கும், நலமாக இருப்பதையும் குறிக்கும், நேர்த்தியையும் குறிக்கும், ஸ்பானிய மொழியில் அவை முறையே ‘முல்த்தா’, ‘பியென்’, ‘ஃபீனோ’ என்று மூன்றாகப் பிரியும். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. ஆனால் ‘எஸ்தேரா ஃபீனா’ என்று மட்டும் எழுதினால் மெல்லிய பாய் என்று மட்டும் படிக்க இடமிருக்கிறது. ‘எஸ்தேரா தே தெஹீதோ ஃபீனோ’, அதாவது நேர்த்தியான நெசவுடைய பாய், என்று எழுதினால் ஐயம் தீரும்.

‘கவுண்ட்’ என்பதற்கு அகராதியில் பிரபுவைக் குறிக்கும் ‘கோந்தே’யும் கிடைக்கும், கணக்கைக் குறிக்கும் ‘குவேந்தா’வும் கிடைக்கும், இரண்டும் இங்கே உதவாது. நெசவில் நாம் பாவு, ஊடு என்று பிரிப்பதுபோல அவர்களும் ‘உர்திம்ப்ரே’, ‘த்ராமா’ என்று பிரிக்கிறார்கள். உங்கள் லேபிளில் கவுண்ட் என்பது பாவு நூல்களின் எண்ணிக்கை. எந்த அகலத்துக்கு 120 பாவு என்பதை நெசவாளரிடமே கேட்டு, அந்த அகலத்தையும் சேர்த்து ‘120 ஈலோஸ் தே உர்திம்ப்ரே’ என்று எழுதுங்கள்.

கேள்வி: ஒரு சொல்லைத் தேர்ந்தபின் அது சரிதானா என்று எங்கே பார்ப்பது?
— ஒரு மாணவி, தென்காசி

பதில்: இருமொழி அகராதி உங்களை வாசல்வரை கொண்டுவிடும், அவ்வளவுதான். அதில் கிடைத்த ஸ்பானியச் சொல்லை ஸ்பானிய அகராதியிலேயே மறுபடி தேடி, அந்த விளக்கம் உங்கள் பொருளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச கல்விக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்க நாடுகளின் வழக்குகளுக்கென்று 2010-இல் தனியாக ஓர் அகராதியும் வந்திருக்கிறது. பிறகு அந்த நாட்டுக் கடைகளின் இணையப் பக்கங்களில் அச்சொல்லைத் தேடி, வரும் படங்களைப் பாருங்கள்; மிதியடிகள் வந்தால் சொல் தவறு.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு இன்னொரு துணையும் உண்டு. உலக நாடுகளின் சுங்கத்துறைகள் பின்பற்றும் சரக்கு வகைப்பாட்டில் 4601 என்ற தலைப்பின் ஸ்பானிய வாசகத்திலேயே எஸ்தெரிய்யா, எஸ்தேரா இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. உங்கள் சரக்குக்குரிய முழு எண்ணைத் தூத்துக்குடியில் உங்கள் கிளியரிங் ஏஜெண்ட் உறுதிசெய்யட்டும். இன்வாய்ஸில் அவர் எழுதும் சொல்லும் லேபிளில் நீங்கள் எழுதும் சொல்லும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.