ஃப்ளெக்ஸ் கடையை ஏன் மறைக்கிறாய்?

கேள்வி: அக்கா, நான் கோவையில் கிராஃபிக் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அப்பா ஒரு காலத்தில் சுவர் விளம்பரமும் கடை போர்டும் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை நின்றுபோய், இப்போது ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார். நான் செலவுக்காக மாலையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். இது வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஜூரியில், அதாவது ஆசிரியர்கள் முன் வேலையை வைத்து விளக்கும்போது, கை நடுங்குகிறது. “ஏன் இந்த நிறம்?” என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. போன வருடம் செய்த வேலைகளை எடுத்துப் பார்த்தால் கூசுகிறது. ஒரு தையல் கடை போர்டை மட்டும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “எழுத்துக்கு நடுவுல காத்தே இல்லையே பாப்பா” என்றார். கொஞ்சம் இடம் விட்டு மாற்றினேன், நன்றாக வந்தது. இப்போது எல்லோரும் போனிலேயே போஸ்டர் செய்துகொள்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறதா? தன்னம்பிக்கை எப்படி வரும்?

— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

அன்புத் தங்கைக்கு,

அந்தத் தையல் கடை போர்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

‘தையல்’ என்ற சொல்லை எழுதிப் பார். ஐகாரக் கொம்பில் இரண்டு சுழி, ஒட்டினாற்போல ஒரு த. அங்கே ஒரே நெரிசல். அடுத்து வரும் ய மேலே திறந்து கிடக்கிறது, ல்லும் அப்படித்தான். எல்லா எழுத்துக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி விட்டால் முன்பக்கம் இறுகியும் பின்பக்கம் தளர்ந்தும் தெரியும். தூரம் தள்ளிப் போனால் அந்தச் சுழிகள் அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் புள்ளியாகிவிடும். அளவுகோல் சொல்லும் சமம் வேறு, கண் சொல்லும் சமம் வேறு. உன் வகுப்பில் இதற்கு கெர்னிங் என்று பெயர் சொல்லியிருப்பார்கள். உன் அப்பா காற்று என்கிறார். அவர் சொன்னது உனக்கு உடனே புரிந்து, எங்கே எவ்வளவு திறக்க வேண்டும் என்று உன் கை கண்டுபிடித்ததே, அது போன வருடம் நடந்திருக்காது. பழைய வேலையைப் பார்த்துக் கூசுவதும் அதனால்தான். அன்றைக்குத் தெரியாத நெரிசல் இன்றைக்கு உன் கண்ணுக்குத் தெரிகிறது. கூசினாலும் அவற்றை அழித்துவிடாதே, தேதி போட்டு வைத்துக்கொள்.

ஃப்ளெக்ஸ் கடையை நீ மறைப்பதுதான் எனக்கு வருத்தம். காதுகுத்து பேனரில் ஒரு குழந்தையின் முகம், தாய்மாமன்மார் பெயர்கள், மண்டபம், தேதி, நேரம், அழைப்பவர்கள், போன் நம்பர் எல்லாம் வரவேண்டும். யார் பெயரும் விடுபடக் கூடாது, குழந்தையும் தொலைந்துபோகக் கூடாது. பணம் கொடுத்தவர் உன் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறார். அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது இரண்டாவது என்று பிரிப்பதற்கு இதைவிடக் கடினமான பயிற்சியை எந்த அசைன்மென்ட் கொடுத்துவிடும்? விசிட்டிங் கார்டுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) வேண்டும், தூரத்திலிருந்து பார்க்கும் 10 அடி பேனருக்கு 72 அல்லது 100 போதும் என்பது உனக்கு வேலையாகவே தெரியும். அச்சுக்கே போகாமல் திரையில் மட்டும் டிசைன் செய்பவர்களுக்கு இது பாடப் புத்தகத்தில் ஒரு வரி.

நான் கற்றுக்கொண்டதும் அச்சில் பட்டுத்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு கடைக்குக் காலண்டர் செய்தேன். திரையில் அருமையான கருநீலம். 1,000 பிரதி அச்சாகி வந்தபோது அத்தனையும் கத்திரிப்பூ நிறம். சயான் என்ற நீல மைக்குச் சமமாக மெஜந்தா என்ற செந்நிற மையை ஏற்றிவிட்டிருந்தேன். மை அப்படிக் கலந்தால் ஊதாப் பக்கம்தான் சாயும். அது போதாதென்று கீழே இருந்த பொடி எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் விடாமல் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மையும் கலந்த கறுப்பில் வைத்திருந்தேன். ஒவ்வொரு மைக்குமான அச்சுத் தகடுகள் ஒரு மயிரிழை விலகியதும் ண, ணை எல்லாம் மங்கி, சுழிகள் அடைந்துவிட்டன. என் முதலாளி திட்டவில்லை. ஒரு காலண்டரை என் மேசைக்கு எதிரே மாட்டிவிட்டுப் போனார். வருடம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். அதற்குப் பிறகு நீலம் வைத்தால் மெஜந்தாவை ஏன் 30 சதவீதப் புள்ளியாவது குறைத்திருக்கிறேன் என்று யார் கேட்டாலும் சொல்வேன். குரல் நடுங்காது. காரணம் தெரிந்ததைச் சொல்லும்போது நடுங்குவதற்கு எதுவும் இல்லை.

உன் ஜூரிக்கும் இதே வழிதான். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்: இதை யார் பார்ப்பார், எவ்வளவு தூரத்திலிருந்து, பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும். நிறமும் ஃபாண்டும் அளவும் அந்த மூன்றுக்குள் பதிலாக வந்துவிடும். எந்த முடிவுக்கு அப்படிக் காரணம் கிடைக்கவில்லையோ, அதை அன்று இரவே மாற்றிவிடு. கருப்பு வெள்ளையில் ஒரு பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியில் நின்று பார். அப்புறம், ஆசிரியரிடம் “நல்லா இருக்கா சார்?” என்று கேட்காதே. “முதலில் உங்கள் கண் எங்கே போச்சு?” என்று கேள். முதல் கேள்விக்குத் தீர்ப்பு வரும், இரண்டாவதற்கு உனக்குப் பயன்படும் தகவல் வரும்.

போனில் போஸ்டர் செய்வதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அந்த ரெடிமேட் வடிவங்களில் நிறைய ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. ‘SALE’ என்று நான்கு ஆங்கில எழுத்து உட்காரும் இடத்தில் ‘தள்ளுபடி விற்பனை’யைத் திணித்துப் பார். வரிக்கு மேலே வி, டியின் வளைவும் புள்ளியும், கீழே ளுவின் இறக்கமும் ஒன்றோடொன்று முட்டும். அங்கே வரி இடைவெளியைக் கூட்டவும் சொல்லை முறிக்காமல் அடுக்கவும் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார்.

தமிழ் எழுத்து என்பது சின்ன வேலை என்றும் நினைக்காதே. 2010-ல் ஏற்கப்பட்ட நம் ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், மும்பை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது தமிழ் எழுத்து வடிவங்களைத்தான். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரன்’ என்ற ஃபாண்ட் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 எடைகள், அதாவது 9 தடிமன்கள். இறக்கி வைத்துக்கொண்டு, தடிமன் ஏற ஏற ‘ண’வின் சுழிகளுக்குள் வெள்ளையை எப்படிக் காப்பாற்றியிருக்கிறார் என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்.

உன் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் தையல் கடை போர்டு முதலில் வரட்டும். அப்பா பார்த்த பழைய வடிவம், திருத்தியது, கடைமேல் மாட்டியபின் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுத்த போட்டோ, மூன்றும். அப்பா சொன்னதையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுது. ஃப்ளெக்ஸ் கடையின் பெயரையும் போடு.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது அவருக்கு ஒரு தட்டைத் தூரிகையும் கறுப்பு பெயின்டும் வாங்கிக்கொண்டு போ. ஃப்ளெக்ஸ் நிறுத்திய வேலை அவருடையது, நீ உட்கார்ந்திருப்பதும் அந்த ஃப்ளெக்ஸ் முன்னால்தான். அதைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பேசியிருக்கிறீர்களோ என்னவோ. பேசாவிட்டாலும் சரி, அ முதல் ன வரை எழுதித் தரச் சொல். எந்த எழுத்தில் எந்தக் கோட்டை முதலில் இழுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஒரு ஃபாண்டே அதிலிருந்து வரலாம். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ வை, தூரிகை மயிர் விட்டுப்போன கோடுகள் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா